ஆர்ட்வார்க்கை உயிரோட்டத்துடன் பாடம் செய்தல்: அரிய ஆப்பிரிக்கப் பாலூட்டிகளுக்கான செய்முறை

ஸ்வீடனின் கிரிப்ஸ்ஹோம் கோட்டையில் பாடம் செய்யப்பட்ட ஒரு சிங்கம் நிற்கிறது. 1731-இல் அல்ஜியர்ஸ் ஆட்சியாளர் ஸ்வீடன் மன்னர் முதலாம் ஃபிரடெரிக்குக்குப் பரிசாக அனுப்பிய விலங்கு அது. அது இறந்த பிறகு பாடம் செய்தவரின் கைக்கு வந்தவை தோலும் எலும்புகளும் மட்டுமே. உயிருள்ள சிங்கத்தை அவர் கண்டதே இல்லை என்று சொல்வார்கள். கண்கள் நெருங்கி முன்னோக்கி நிற்க, நாக்கு வெளியே தொங்க, கேலிச் சித்திரத்தைப் போல அது இன்றும் காட்சியளிக்கிறது. சிங்கத்தை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அந்தப் பிழை சிரிப்பை வரவழைக்கிறது. கறையான் தின்னும் ஆர்ட்வார்க், கழுதைப்புலி இனத்தைச் சேர்ந்த ஆர்ட்வுல்ஃப், நீண்ட கழுத்துள்ள இரலையான ஜெரெனுக், வௌவால்காது நரி போன்ற ஆப்பிரிக்க விலங்குகளில் அதே அளவு பிழை நேர்ந்தால் பார்ப்பவருக்கு எது தவறு என்று சொல்லத் தெரியாது; ஆனால் எதிரில் நிற்பது உயிருள்ள விலங்கைப் போல இல்லை என்பது மட்டும் உடனே தெரிந்துவிடும்.

இந்த விலங்குகளைப் பாடம் செய்வதில் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுதான்: மானுக்கும் கரடிக்கும் கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் உள்ளுரு, அதாவது தோலைப் போர்த்துவதற்கான உடல் வடிவம், இவற்றுக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் உங்கள் கையில் உள்ள விலங்கின் அளவுக்குப் பொருந்துவதில்லை. எனவே உரிப்பதற்கு முன்பு எடுக்கும் அளவுகளே முழு வேலைக்கும் ஆதாரம். இக்கட்டுரையில் ஆர்ட்வார்க்கை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு, மற்றவை வேறுபடும் இடங்களில் அவற்றையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆர்ட்வார்க்கைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. விலங்கியல் வகைப்பாட்டில் அதன் வரிசையில் இன்று உயிரோடிருக்கும் ஒரே இனம் அது என்பதால், உள்ளுருவைக் கடன் வாங்க நெருங்கிய உறவு விலங்கு எதுவும் இல்லை. அதோடு அதன் மேனியில் மயிர் மிக அரிது. அடர்ந்த மயிர் மறைத்துவிடும் தவறுகள் எல்லாம் ஆர்ட்வார்க்கில் வெட்டவெளிச்சமாகிவிடும்.

முதலில் அனுமதி

வேலை தொடங்கும் முன் விலங்கு எங்கிருந்து வந்தது என்பதற்கான ஆவணம் கையில் இருக்க வேண்டும். விலங்குக்காட்சிசாலையில் இயற்கையாக இறந்ததாக இருந்தாலும், விலங்கு புறப்பட்ட நாட்டின் அனுமதியும் அது வந்து சேரும் நாட்டின் அனுமதியும் தனித்தனியே தேவைப்படலாம். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும், 1975 முதல் நடைமுறையில் உள்ள சைட்டிஸ் உடன்படிக்கை இதில் முதன்மையானது. அழுங்கு எனப்படும் எறும்புத்தின்னியின் எட்டு இனங்களும், அவற்றுள் ஆப்பிரிக்காவில் வாழும் நான்கும் உட்பட, 2016-இல் ஜோகன்னஸ்பர்க்கில் நடந்த மாநாட்டின் முடிவால் அந்த உடன்படிக்கையின் முதல் பட்டியலுக்குச் சென்றுவிட்டன. அவற்றின் பன்னாட்டு வணிகத்துக்கு வழியில்லை. அழுங்கு ஒன்றைக் காட்சிக்கு வைக்க விரும்புபவர், உண்மையான தோலையோ செதிலையோ தேடாமல், வார்ப்புச் செதில்களைக் கொண்டு முழுவதும் செயற்கையாக உருவாக்குவதே நேர்மையான வழி. தொழில்நுட்பக் கண்ணோட்டத்திலும் அதுவே எளிது. நீரிலும் அமிலத்திலும் நெடுநேரம் ஊறினால் செதில்களின் வேர் தளர்ந்துவிடும்.

உரிப்பதற்கு முன்

உடல் உறைநிலையில் வந்திருந்தால் குளிர்பெட்டியின் சாதாரண வெப்பநிலையில் மெதுவாக உருக விடுங்கள். காது, உதடு, பாதம் ஆகியவை முதலில் உருகும். நடு உடல் கடைசியில்தான் உருகும். அறை வெப்பத்தில் அவசரப்படுத்தினால் வயிறு இன்னும் கல்லாக இருக்கும்போதே காதின் மேல்தோல் அழுகத் தொடங்கியிருக்கும். மயிருள்ள விலங்கில் இது மயிர் கழலுதலாகத் தெரியும். மயிர் குறைந்த ஆர்ட்வார்க்கில் மேல்தோல் ஈரக் காகிதம் போல உரிந்து வரும். அதன் பின் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஆகவே முற்றிலும் உருகும் வரை காத்திருக்காமல், மேனி வளையும் நிலைக்கு வந்ததும் ஈரத்துணியால் காதுகளைப் போர்த்திக்கொண்டு அளவெடுக்கத் தொடங்குங்கள்.

மூக்கு நுனியிலிருந்து கண்ணின் முன்மூலை வரை, கண்ணின் பின்மூலையிலிருந்து காதின் அடி வரை, இரண்டு கண்களுக்கிடையே, மூக்கு நுனியிலிருந்து வாலின் அடி வரை முதுகின் வளைவைத் தொடர்ந்து என நீள அளவுகளை எடுக்க வேண்டும். கழுத்தின் சுற்றளவை மூன்று இடங்களிலும், மார்பின் சுற்றளவை முன்கால்களுக்கு நேர் பின்னும், வயிற்றையும் இடுப்பையும் தனித்தனியாகவும், வாலின் சுற்றளவை 10 செ.மீ.க்கு ஒருமுறையும் குறித்துக்கொள்ளுங்கள். கால்களில் மூட்டுக்கு மூட்டு நீளமும், ஒவ்வொரு மூட்டின் தடிமனும் வேண்டும். ஆர்ட்வார்க்கின் வாலை அலட்சியமாக விட்டுவிடுபவர்கள் அதிகம். அடியில் உடலின் தொடர்ச்சியாகவே தோன்றும் அளவுக்குப் பருத்து, நுனி நோக்கிச் சீராகக் கூம்பும் அந்த வாலை மெல்லிய கயிறாக்கிவிட்டால் மற்ற எல்லாம் சரியாக அமைந்தும் பயனில்லை.

அளவுகளுக்கு அடுத்து அச்சு. முகத்தின் மேல் ஆல்ஜினேட் என்னும் அச்செடுக்கும் கூழைப் பூசி, அதன் மேல் பிளாஸ்டர் துணிக்கட்டுப் போட்டு ஒரு முகவார்ப்பு எடுங்கள். பாதம் ஒன்றுக்கும் காது ஒன்றுக்கும் தனி அச்சு எடுப்பது நல்லது. முன்பாதத்தில் நான்கு விரல்களும் பின்பாதத்தில் ஐந்து விரல்களும் கொண்ட இந்த விலங்கில் மண்வெட்டி போன்ற நகங்களின் சாய்வை நினைவிலிருந்து மீட்க முடியாது. மூக்கின் முனைத் தட்டையும், நாசித்துளைகளை அடைத்து நிற்கும் அடர்ந்த மயிரையும், அவற்றுக்கிடையே உள்ள சதைத் துருத்தல்களையும் மிக அருகிலிருந்து நிழற்படமெடுத்து வையுங்கள். தோள், முழங்கை, தொடை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் எந்தத் திசையில் சுருங்குகிறது என்பதையும் படமாக்க வேண்டும். இறந்த உடலின் சுருக்கங்கள் படுத்திருந்த விதத்தால் மாறியிருக்கும் என்பதால், நடக்கும் விலங்கின் காணொளிகளோடு அவற்றை ஒப்பிட்டே முடிவு செய்யுங்கள்.

உரித்தலும் எலும்பும்

எங்கே கீறுவது என்பது ஒவ்வொரு விலங்குக்கும் வேறு. ஆர்ட்வார்க்கின் முதுகுதான் பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் பகுதி. அங்கே தையலை மறைக்க மயிர் இல்லை. ஆகவே வயிற்றின் நடுக்கோட்டிலும், கால்களின் உட்புறத்திலும் கீறுவதே சரி. ஆர்ட்வுல்ஃபுக்கு இதற்கு நேர்மாறு. தலையின் பின்புறத்திலிருந்து வால் வரை நீளும் பிடரி மயிர் முதுகில் நிற்பதால், அதன் நடுவே கீறித் தைத்தால் தையலே தெரியாது; ஆனால் பக்கவாட்டில் இறங்கும் கறுப்புப் பட்டைகள் தைக்கும்போது விலகிவிடாமல் இருக்க, கீறுவதற்கு முன் பட்டைகளின் மேல் முனைகளில் எதிரெதிரே நூல் அடையாளம் வைக்க வேண்டும். ஆர்ட்வுல்ஃபின் முன்பாதத்தில் ஐந்து விரல்கள். மற்ற கழுதைப்புலிகளுக்கு நான்கே. பாதத்தை உரிக்கும்போது அந்தக் கட்டைவிரலை வெட்டியெறிந்துவிடக் கூடாது. தேன் வளைக்கரடியின் தோல் மிகத் தளர்வானது. உரிப்பது எளிது, ஆனால் அந்தத் தளர்வைக் கண்டு உடல் பெருத்தது என்று நினைத்து உள்ளுருவைத் தடிக்கச் செய்தால் கெட்டது காரியம்.

மண்டையோட்டையும் கால் எலும்புகளையும் எறிந்துவிடாதீர்கள். தோல் மட்டும் விலங்கைப் பற்றி எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு ஒகாப்பியின் கதையே சான்று. 1901-இல் கொங்கோ காடுகளிலிருந்து கிடைத்த கோடிட்ட தோல் துண்டுகளை மட்டும் கண்டு அதைக் குதிரைப் பேரினத்தில் சேர்த்துப் பெயரிட்டார்கள். அதே ஆண்டில் முழுத் தோலும் மண்டையோடுகளும் வந்து சேர்ந்த பிறகுதான் அது ஒட்டகச்சிவிங்கியின் உறவினம் என்று தெரிந்தது. உங்கள் மேசையிலும் இதே நிலைதான். தாடையின் ஆழம், கண்குழியின் உயரம், கன்ன எலும்பின் அகலம் ஆகியவற்றை மண்டையோடு சொல்லும், தோல் சொல்லாது.

பதனிடல்

உரித்த தோலில் எஞ்சிய சதையையும் கொழுப்பையும் சீவி நீக்கிவிட்டு, அயோடின் கலக்காத நுண்ணிய உப்பைத் தோலின் எடைக்கு நிகராக உட்புறத்தில் தேய்த்து, சாய்வான பலகையில் மடித்து வைத்து 24 மணி நேரம் நீர் வடிய விடுங்கள். பிறகு ஈரமான உப்பை உதறிவிட்டு, புது உப்புடன் இன்னொரு 24 மணி நேரம் வைக்க வேண்டும். உதடு, இமை, நாசி ஆகியவற்றைப் பிளந்து விரித்தும், காதைக் குருத்தெலும்பிலிருந்து பிரித்து உட்புறம் வெளியே வரும்படி நுனிவரை திருப்பியும் உப்பிடாவிட்டால், அழுகல் அங்கேதான் தொடங்கும். ஆர்ட்வார்க்கின் குழாய் போன்ற மெல்லிய காதைத் திருப்புவது இந்த வேலை முழுவதிலும் அதிகப் பொறுமை கேட்கும் கட்டம். மழுங்கிய முனையுள்ள மரக்கருவியால் அடியிலிருந்து மேலாகச் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள்; கத்தி வேண்டாம்.

உப்பிட்டுக் காய்ந்த தோலை மிதமான உப்புநீரில் மென்மையாகும்வரை ஊறவைத்து, பின் அமில ஊறலுக்கு மாற்ற வேண்டும். ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 120 கிராம் உப்பு கலந்து, பதனிடு அமிலத்தைச் சேர்த்து, கரைசலின் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 2-க்கு மேல் போகாமல் நாள்தோறும் சோதியுங்கள். அமிலத்தைத்தான் நீரில் ஊற்ற வேண்டும். நீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. கையுறையும் கண்காப்பும் கட்டாயம். குறைந்தது மூன்று நாள் ஊறியபின் தோல் வீங்கி வெளுத்திருக்கும். இந்த நிலையில் சீவினால்தான் தடிமன் சீராகும். ஆர்ட்வார்க்கின் தோல் தடித்தது. அதைச் சீவாமல் உள்ளுருவின் மேல் போர்த்தினால், காயும்போது அந்தத் தடிமனின் இழுவிசை எல்லாத் தையலையும் திறந்துவிடும். உடலில் சுமார் 2 மி.மீ. அளவுக்கும், முகத்தில் அதைவிட மெல்லியதாகவும் சீவி, மீண்டும் ஒரு நாளாவது ஊறலில் இடுங்கள். பிறகு சோடியம் பைகார்பனேட் கரைசலில் 15 முதல் 20 நிமிடம் அமிலத்தை நடுநிலைக்குக் கொண்டுவந்து, அலசி, பதனிடு பொருளை அதன் உற்பத்தியாளர் சொல்லும் அளவில் கொடுக்கலாம். படிகாரத்தால் பதனிட்ட தோல் விறைப்பாகவும் அதிகம் சுருங்குவதாகவும் இருக்கும். மயிரற்ற தோலுக்கு நீட்சி மிகுந்த செயற்கைப் பதனிடு பொருளையே நான் பரிந்துரைப்பேன். பழைய நூல்களில் காணப்படும் ஆர்சனிக் சோப்பை எக்காரணம் கொண்டும் செய்து பார்க்காதீர்கள். பழைய அருங்காட்சியக மாதிரிகளைப் பழுதுபார்க்கும்போதுகூட அவற்றில் ஆர்சனிக் இருப்பதாகவே கருதிக் கையுறை அணிய வேண்டும்.

உள்ளுரு

தோலுக்குள் வைக்கோலைத் திணிக்கும் பழைய முறையை ஒழித்தவர்களில் முதன்மையானவர் அமெரிக்கப் பாடம் செய்யும் கலைஞர் கார்ல் ஏக்லி. அவர் எலும்புக்கூட்டின் மேல் களிமண்ணால் தசைகளைச் செதுக்கி, அதிலிருந்து அச்செடுத்து, எடை குறைந்த வெற்றுள்ளுருவை வார்த்து, அதன்மேல் தோலைப் போர்த்தினார். 1926-இல் அவர் கொங்கோவில் இறந்தார். அவர் திட்டமிட்ட ஆப்பிரிக்கப் பாலூட்டிகள் கூடம் நியூயார்க் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் 1936-இல் திறக்கப்பட்டது. ஆயத்த உள்ளுரு கிடைக்காத விலங்குக்கு இன்றும் அந்த முறையே சிறந்தது. ஒன்றே ஒன்றைச் செய்பவர் அச்சும் வார்ப்பும் இல்லாமல், பாலியூரித்தேன் நுரைக் கட்டிகளை ஒட்டிச் செதுக்கி, தசை விவரங்களை மட்டும் களிமண்ணில் சேர்ப்பதும் போதுமானது. நுரையை அராவும்போது தூசு நுரையீரலுக்குச் செல்லாமல் முகமூடி அணியுங்கள்.

நிற்கும் விதத்தை முதலில் காகிதத்தில் உண்மை அளவில் பக்கவாட்டுப் படமாக வரைந்து, கால் எலும்புகளை அதன்மேல் வைத்துப் பாருங்கள். ஆர்ட்வார்க் நடக்கும்போது முதுகு வில்லாக வளைந்திருக்கும். பின்கால்கள் முன்கால்களைவிட நீளமாதலால் உயர்ந்த பகுதி தோளில் அன்று, இடுப்பின் பக்கம் இருக்கும். மூக்கு தரைக்கு மிக அருகில் தாழ்ந்திருக்கும். வால் பின்னே இழுபடும். நாய்போலத் தலைநிமிர்ந்து நிற்க வைத்தால் அது வேறு ஏதோ விலங்காகிவிடும். கால்களின் உள்ளே மரையிட்ட எஃகுக் கம்பிகளை மூட்டுகளின் வளைவுக்கேற்ப வளைத்து, மேல்முனையை உடலின் நடுவே உள்ள பலகையிலும், கீழ்முனையை நட்டால் அடித்தளத்திலும் இறுக்குங்கள். எடை எந்தக் காலில் விழுகிறதோ அந்தப் பக்கத் தோள்பட்டை சற்று உயர்ந்திருக்க வேண்டும்; நான்கு கால்களும் ஒரே அளவில் எடையைத் தாங்குவது மேசைக்குத்தான் பொருந்தும்.

ஜெரெனுக்கைப் பின்கால்களில் எழுந்து இலை மேயும் நிலையில் காட்ட விரும்பாதவர் இல்லை. அந்த நிலையில் முதுகெலும்பு ஏறத்தாழ நேர்க்குத்தாகிவிடும்; முழு எடையும் இரண்டு கம்பிகளில் விழும். முன்கால் ஊன்றியிருக்கும் கிளைக்குள் மூன்றாவது கம்பியொன்றை மறைத்து வைப்பது எனக்குத் தெரிந்த உறுதியான தீர்வு.

கண், காது, மூக்கு

உள்ளுருவில் மண்டையோட்டின் வார்ப்பையோ சுத்தம் செய்த மண்டையோட்டையோ பொருத்தி, கண்ணாடிக் கண்களைக் களிமண்ணில் பதியுங்கள். ஆர்ட்வார்க்கின் கண்கள் தலையின் மேற்பகுதியில் பக்கவாட்டில் அமைந்தவை. அவற்றைத் தாழ்த்திவிட்டால் பன்றியின் முகம் வந்துவிடும். ஜெரெனுக் போன்ற இரலைகளில் கிடைமட்டக் கண்பாவை இருப்பதால் இன்னொரு நுணுக்கம் சேர்கிறது. மேயும் விலங்கு தலையைத் தாழ்த்தும்போது கண் சுழன்று, பாவை தரைக்கு இணையாகவே நிற்கும். எனவே தாழ்ந்த தலையுள்ள காட்சியில் பாவையைத் தாடைக்கு இணையாக வைக்காமல், அடித்தளத்துக்கு இணையாகத் திருப்பி வையுங்கள். இதைச் செய்யாத மாதிரிகள் மயங்கிக் கிடப்பன போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

பிரித்தெடுத்த குருத்தெலும்புக்குப் பதிலாக, காது அச்சிலிருந்து வார்த்த மெல்லிய உட்தகட்டைப் பசையிட்டுச் செருக வேண்டும். வௌவால்காது நரிக்கு ஆயத்தத் தகடுகள் தடிமன் மிகுந்தவை. வெயில் பின்னாலிருந்து அடித்தால் ஒளி ஊடுருவி இளஞ்சிவப்பாகத் தெரிய வேண்டிய காது அது. ஒளியை மறைக்காத அளவு மெல்லிய தகட்டை நீங்களே வார்த்துக்கொள்வது நல்லது. ஆர்ட்வார்க்கின் இரண்டு காதுகளையும் ஒரே கோணத்தில் நிறுத்தாதீர்கள். அவை தனித்தனியே திரும்பக்கூடியவை. ஒன்று முன்னோக்கியும் மற்றொன்று சற்றே பக்கவாட்டிலும் இருந்தால் விலங்கு எதையோ கேட்கிறது என்ற உணர்வு தானாக வரும்.

வாயைத் திறந்து நீண்ட நாக்கைக் காட்டும் ஆசை எழும். வேண்டாம். வாயின் முன்புறத்தில் அதற்குப் பல்லே இல்லை, எனாமல் அற்ற கன்னப்பற்கள் உள்ளே ஆழத்தில் இருப்பவை. திறந்த வாயில் காட்ட ஒன்றுமில்லாமல் செயற்கை நாக்கு மட்டும் ஒட்டவைத்ததுபோல நீட்டிக்கொண்டு நிற்கும்.

போர்த்துதல், தைத்தல், காயவிடுதல்

பசையிடுவதற்கு முன் தோலை இரண்டு மூன்று முறையாவது வெறுமனே போர்த்திப் பாருங்கள். இழுத்தால்தான் சேரும் என்ற இடத்தில் உள்ளுருவை அராவ வேண்டும். தொளதொளக்கும் இடத்தில், அது இயல்பான சுருக்கமா என்று படத்தோடு ஒப்பிட்ட பிறகே களிமண் சேர்க்க வேண்டும். திருப்தியானதும் பசையைப் பூசிப் போர்த்தி, மெழுகிட்ட நூலால் உட்புறமிருந்து வெளியே ஊசி வரும்படி 5 மி.மீ. இடைவெளியில் தையுங்கள். உதட்டையும் இமையையும் களிமண்ணில் வெட்டிய பள்ளங்களுக்குள் செருகி, குண்டூசியால் நிறுத்துங்கள். தோள், தொடை மடிப்புகளைக் கையால் அழுத்தி உருவாக்கி, ஒவ்வொரு மடிப்பின் ஆழத்திலும் ஊசி குத்தி வையுங்கள். ஊசியில்லாத மடிப்பு காயும்போது மேளத்தோல் போல விறைத்து நிமிர்ந்துவிடும்.

காய்வதற்கு மூன்று முதல் நான்கு வாரம் பிடிக்கும். முதல் பத்து நாள் காலையும் மாலையும் பார்வையிடுங்கள். காதுகளின் இருபுறமும் அட்டை வைத்து ஊசியால் பிடித்திருக்க வேண்டும். மின்விசிறியை நேராகக் காட்டினால் மெல்லிய முகத்தோல் முன்னதாகக் காய்ந்து, தடித்த கழுத்துத்தோல் பின்னால் இழுக்கும்போது கண் மூலைகள் விரிந்துவிடும். அதனால் முகத்தின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைத் தளர்வாகப் போட்டு, உடலோடு சேர்ந்து காயும்படி தாமதப்படுத்துங்கள்.

நிறம்

காய்ந்த தோலில் இரத்த ஓட்டத்தின் நிறம் இருக்காது. மயிர் மூடிய விலங்கில் மூக்கையும் இமையையும் தொட்டால் போதும். ஆர்ட்வார்க்கில் கிட்டத்தட்ட முழு முகத்தையும் காதுகளையும் வயிற்றையும் மீண்டும் வண்ணமேற்ற வேண்டியிருக்கும். முதலில் விரிசல்களையும் தையல் விளிம்புகளையும் எபாக்ஸி புட்டியால் நிரப்பி, ஈரத் தூரிகையால் தோலின் சொரசொரப்பை அதில் பதியுங்கள். பிறகு ஏர்பிரஷ் என்னும் வண்ணத் தெளிப்பானில் மிக நீர்த்த வண்ணத்தை, அடியில் இளஞ்சிவப்பு, மேலே மங்கலான மஞ்சள் சாம்பல், மடிப்புகளில் பழுப்பு என்று பல மெல்லிய படலங்களாக ஏற்றுங்கள். ஒரே படலத்தில் மூடிவிட்டால் சாயம் பூசிய பொம்மைதான். இந்த விலங்கு வாழும் இடத்தின் மண்ணே அதன் மேனி நிறத்தைத் தீர்மானிப்பதால், எந்தப் பகுதியிலிருந்து வந்ததோ அந்தச் செம்மண்ணின் சாயலைக் கால்களிலும் வயிற்றோரத்திலும் உலர் வண்ணப் பொடியாகத் தேய்க்கலாம். நாசியின் உள்விளிம்பிலும் கண் மூலையிலும் மட்டும் பளபளப்பு. மற்ற இடமெல்லாம் ஒளி மங்கலாகவே இருக்கட்டும்.

முடிந்த மாதிரியை நேர்வெயில் படாத, ஈரப்பதம் 55 விழுக்காட்டைத் தாண்டாத அறையில் வையுங்கள். தோல்வண்டுகளும் துணி அந்துப்பூச்சிகளும் முதலில் தாக்குவது பாதங்களின் அடியையும் காதின் உட்குழியையும்தான். மாதம் ஒருமுறை அங்கே விளக்கடித்துப் பார்த்து, நுண்தூள் உதிர்ந்திருந்தால் மாதிரியைப் பிளாஸ்டிக்கில் காற்றுப்புகாமல் சுற்றி, -20 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் உறையவைத்து, வெளியே எடுத்ததும் அறை வெப்பத்துக்கு வரும்வரை, ஒரு முழு நாளாவது, உறையைப் பிரிக்காமல் விட்டு வையுங்கள்.